பொன்னாடையா, பயணப்படியா? நிர்வாகக் குழுவினருக்கு நன்றி சொல்ல எது நல்ல வழி?

மாற்றுத்திறனாளிகளுக்காகச் சிறப்புப் பள்ளியோ பகல்நேரப் பராமரிப்பு மையமோ தொழிற்பயிற்சிக் கூடமோ நடத்தும் எந்த அமைப்புக்கும் மேலே ஒரு குழு இருக்கும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் செயற்குழு, டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் பதிவு செய்திருந்தால் இயக்குநர்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். சம்பளம் வாங்காமல் வந்து உட்கார வேண்டும், கணக்கைக் கேட்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு ஏதாவது நோட்டீஸ் வந்தால் பதிலும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஆடிட்டர், டாக்டர், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வியாபாரி, இரண்டு பெற்றோர், தாமே மாற்றுத்திறனாளியான ஒருவர் என்று பெரும்பாலும் இப்படித்தான் குழு அமைகிறது. (அந்தக் கடைசி நபர் இல்லாத குழுக்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

மார்ச் மாதம் பட்ஜெட் போடும்போது அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள்: "கமிட்டி மெம்பர்களுக்கு இந்த வருஷம் என்ன செய்யலாம்?" போன வருஷம் செய்ததையே செய்வோம் என்று முடிவாகும். அப்படி முடிப்பதற்கு முன்னால், இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வசதிக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தரமான ஓர் அமைப்பு. குழுவில் 9 பேர், அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர், ஒருவர் பார்வையற்றவர், மூன்று பேர் பெற்றோர். குழுவினருக்காக ஒதுக்கியிருக்கும் தொகை வருஷத்துக்கு 27,000 ரூபாய், அதாவது ஆளுக்கு 3,000.

பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

முதலில் இதை முடித்துவிடுவோம். "ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு என்று கவரில் போட்டுக் கொடுத்துவிடலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்தான பாதை. அறப்பணி அமைப்பின் பணமோ சொத்தோ அதை நடத்துபவர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் பலனாகப் போகக் கூடாது என்பது வரிவிலக்கின் அடிப்படை நிபந்தனை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 13-ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. உண்மையாகச் செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் தரலாம் என்று சட்டம் இடம் விட்டிருந்தது. ஆனால் எது நியாயம் என்று அதிகாரியிடம் நிரூபிக்கும் பாடு நம்முடையது. போதாக்குறைக்கு, பல டிரஸ்ட் பத்திரங்களிலும் சங்க விதிகளிலும் "உறுப்பினர்கள் ஊதியம் பெறக் கூடாது" என்று எழுதியே இருக்கும்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் இன்னொரு கிடுக்கிப்பிடி. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளின்படி நிர்வாகக் குழுவினர் பெறும் ஊதியமும் அவர்களுடைய பயணச் செலவும் நிர்வாகச் செலவுக் கணக்கில் வரும். முன்பு அந்தப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்றிருந்தது, 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கணக்காளர் அதில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக்கொண்டிருப்பார்.

சட்டத்தை விடுங்கள். அந்தக் கவரை வாங்கும் ஆடிட்டர், தன் அலுவலகத்தில் அதே இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்குவார் என்று அவருக்குத் தெரியும். இலவசமாக வந்தவரை மலிவாக வந்தவராக மாற்றிவிடுகிறது கவர். அதனால் ரொக்கம் வேண்டாம்.

பொன்னாடையும் கேடயமும்

பொன்னாடையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதற்கு ஒரு பலம் உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்டு விழா மேடையில் கலெக்டரோ சிறப்பு விருந்தினரோ தோளில் ஒரு சால்வையைப் போர்த்தும்போது, அந்த உறுப்பினரின் வீட்டார் கீழே உட்கார்ந்து பார்க்கிறார்கள். "சனிக்கிழமை ஆனா அங்க போயிடுறீங்களே, என்ன கிடைக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பதில் கிடைக்கிறது. மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் மூன்று வரிச் செய்தியும் படமும் வந்தால், பணியிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. செலவும் குறைவு. சால்வை, கேடயம், பூங்கொத்து எல்லாம் சேர்த்தாலும் ஆளுக்கு ஒதுக்கிய 3,000-க்குள் தாராளமாக முடிந்துவிடும்.

சிக்கல் எல்லாம் நடைமுறையில். 9 பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் அரை மணி நேரம். பெயர் அழைக்க வேண்டும், படியேற வேண்டும், சால்வை, கேடயம், போட்டோ, "சார், இந்தப் பக்கம் பாருங்க." அந்த அரை மணி நேரமும் யாருக்கான அமைப்போ அந்தக் குழந்தைகள் ஒப்பனையோடு காத்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒலிபெருக்கிச் சத்தமே தாங்காது. நடனத்துக்கு நாலு வாரம் பயிற்சி எடுத்தது, மேடை ஏறுவதற்குள் அழுது ஓய்ந்து அம்மா மடியில் தூங்கிவிடும்.

அப்புறம் மேடை. பெரும்பாலான மண்டபங்களில் மேடை மூன்று அடி உயரம், ஏற நாலைந்து படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்துக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. மூன்று அடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கவும் திரும்பவும் சமதளம் வேண்டும். எந்தக் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது? கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள். யாரைப் பெருமைப்படுத்துகிறோமோ அவரை மூட்டைபோல் தூக்கி மேலே வைப்பது பார்க்கச் சகிக்காத காட்சி. சில இடங்களில் அவருக்கு மட்டும் சிறப்பு விருந்தினர் கீழே இறங்கி வந்து போர்த்துவார், அதுவும் நன்றாக இல்லை. பார்வையற்ற உறுப்பினரின் கையில் வழவழப்பான அக்ரிலிக் கேடயம் ஒன்று. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாராவது படித்துத்தான் சொல்ல வேண்டும். அதில் ஒரு வரி பிரெயில் ஒட்ட எவ்வளவு ஆகிவிடும்?

வரிசைத் தகராறும் உண்டு. தலைவருக்கு முதலில், செயலாளருக்கு அடுத்து, அப்புறம் வயதின்படியா, சேர்ந்த ஆண்டின்படியா? இதில் மனத்தாங்கல் ஏற்பட்டு ஆறு மாதம் கூட்டத்துக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். பாராட்டப் போய்ப் பகையை வாங்கிவருவது பொன்னாடையால் மட்டுமே முடிகிற காரியம்.

இன்னொன்று: சிறப்புக் குழந்தைகளின் கையால் பொன்னாடை போர்த்தச் செய்வது. மேடைக்கு அழகாக இருக்கிறது என்று செய்கிறார்கள். அந்தப் பிள்ளை அங்கே பொம்மையாக நிற்கிறது. இதை மட்டுமாவது நிறுத்துங்கள்.

விழாவைத் தவிர்க்கவே முடியாது என்றால் சில மாற்றங்கள் செய்யலாம். மேடையே வேண்டாம், தரையில் எல்லோரும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பெயர்களை அகர வரிசையில் அழையுங்கள், யாரும் கோபிக்க முடியாது. சால்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சால்வையும் வெளியில் வாங்க வேண்டாம், உங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் துணிப் பை, மெழுகுவர்த்தி, விளக்கு என்று எதையாவது செய்கிறார்கள் அல்லவா, அதையே கொடுங்கள். ஆனால் முழு விலையைப் பயிற்சிக் கூடத்தின் கணக்கில் வரவு வையுங்கள். செய்தவருக்குக் கூலி போகாத நினைவுப் பரிசை யார் வீட்டு அலமாரியிலும் வைக்கத் தகுதியில்லை.

தேதியையும் யோசியுங்கள். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், 1992 முதல் ஐ.நா. கடைப்பிடிப்பது. அது மாற்றுத்திறனாளிகளின் நாள். அன்றைக்கு மேடையில் குழுவினருக்கு மாலை போடுவது விருந்தாளியின் இலையில் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி. இரண்டே நாள் தள்ளி டிசம்பர் 5 வருகிறது. சர்வதேசத் தன்னார்வலர் தினம் என்று ஐ.நா. 1985-இல் அறிவித்த நாள் அது. குழுவினருக்கு அந்தத் தேதி கச்சிதமாகப் பொருந்தும்.

கடிதம்

செலவில்லாத வழி, ஆனால் பொன்னாடையைவிட உழைப்பு அதிகம் கேட்கும். "தங்களின் மேலான சேவைக்கும் நல் ஒத்துழைப்புக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று 9 பேருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புவதானால் அனுப்பவே வேண்டாம். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு கடிதத்தை நினைத்துப்பாருங்கள்: "ஆகஸ்ட் கூட்டத்தில் பள்ளி வேன் ஒப்பந்தத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்க இருந்தோம். வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதா, டிரைவர் லைசென்ஸைப் பார்த்தீர்களா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். பார்த்தபோது எஃப்.சி. காலாவதியாகியிருந்தது. செப்டம்பர் முதல் வேறு வண்டி ஓடுகிறது. அதில் தினமும் 14 பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரின் அம்மாவும் இந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்." ஆறே வரிதான். கேட்டவர் அதை மறந்தே போயிருப்பார். ஒரு கேள்வி என்ன செய்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

இப்படி எழுதச் சரக்கு எங்கிருந்து வரும்? தீர்மானப் புத்தகத்திலிருந்து வராது. அதில் "விவாதித்து ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கும். கூட்டக் குறிப்பு எடுப்பவர் தனியாக ஒரு நோட்டில், யார் என்ன கேட்டார், அதனால் என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி வைத்தால் வருஷக் கடைசியில் 9 கடிதமும் தயார். யாருடைய பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை என்பதும் அந்த நோட்டில் தெரிந்துவிடும். அதுவும் தலைவருக்கு உபயோகமான தகவல்தான்.

குறிப்பாக, "வேண்டாம்" என்று சொன்னவருக்கு எழுதுங்கள். புதிய கட்டடத்துக்குக் கடன் வாங்கலாம் என்று எட்டுப் பேர் தலையாட்டும்போது ஒருவர் மறுத்திருப்பார். அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

பார்வையற்ற உறுப்பினருக்குக் கடிதத்தை மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் தலைவர் தன் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஃபிரேம் போட்ட கடிதம் அவர் வீட்டுச் சுவருக்கு அழகு, அவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

சுமையைக் குறைப்பது

இதை ஒரு பாராட்டு என்று யாரும் எண்ணுவதில்லை, பட்ஜெட்டில் இதற்குத் தலைப்பும் இருக்காது. என் கட்சி இதுதான்: 27,000 ரூபாயில் முதல் ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும்.

குழு உறுப்பினர் ஒருவர் உண்மையில் எதைச் சுமக்கிறார்? ஆதார் நகல், பான் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாவற்றிலும் கையெழுத்து. எஃப்.சி.ஆர்.ஏ. 2020 திருத்தத்துக்குப் பிறகு பொறுப்பாளர்களின் ஆதார் எண்களைக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். தென்காசியிலோ திருவாரூரிலோ இருக்கிற உறுப்பினர் அதற்கான படிவங்களில் பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டிருப்பார். இயக்குநர் என்றால் டின் எனப்படும் இயக்குநர் அடையாள எண், டிஜிட்டல் கையெழுத்து, கேஒய்சி. இத்தனைக்கும் மேல் மனத்துக்குள் ஒரு பயம்: அலுவலகத்தில் யாராவது பி.எஃப். கட்டாமல் விட்டால் நம் பெயரும் வருமே?

அந்தப் பயத்தைப் போக்குவது ஒரே ஒரு தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் வைக்க வேண்டியது. மாதம் பிடித்த டி.டி.எஸ். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டினோமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-ஆம் தேதிக்குள் கட்டினோமா, செலான் எண் என்ன, தணிக்கை எந்த நிலையில் இருக்கிறது, வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டு அறிக்கையான எஃப்.சி.-4-ஐ டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்வோமா, சிறப்புப் பள்ளியின் பதிவு எப்போது முடிகிறது, வேன் காப்பீடு எப்போது முடிகிறது. கணக்காளரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். எந்தக் கேடயத்தாலும் தர முடியாத நிம்மதியை இந்தத் தாள் தரும். செலவு ஒரு ஏ-4 தாள்.

அடுத்தது கூட்டக் காகிதங்கள். நாளைக் காலை பத்தரைக்குக் கூட்டம், இன்றிரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நாற்பது பக்கப் பிடிஎஃப் வந்து விழும். அச்செடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப். பார்வையற்ற உறுப்பினரின் திரைவாசிப்பான் அதைத் திறந்து "படம், படம், படம்" என்று வாசிக்கும். எழுத்தாகவே அனுப்பினாலும், பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்த அறிக்கை என்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து உளறும். யூனிகோடு தமிழில் அடித்த வேர்ட் கோப்பாக ஒரு வாரம் முன்பே அனுப்பினால் போதும், அவர் மற்ற எட்டுப் பேரையும்விட நன்றாகப் படித்துக்கொண்டு வருவார். இது அவருக்குச் செய்யும் சலுகை இல்லை. படிக்க முடியாத காகிதத்தை அனுப்பிவிட்டு அவரை உறுப்பினர் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.

காது கேளாத உறுப்பினர் இருந்தால் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒருவர் போதாது. அரை மணிக்கு ஒரு முறை மாறிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் பாதிக்கு மேல் அவர்களுக்கும் கை சோர்ந்து கவனம் சிதறும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் குழுவில் இருந்தால் ஒவ்வொரு பொருளையும் எளிய வாக்கியத்திலும் படத்திலும் எழுதி, முந்தின நாளே ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையும் 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டமும் முழுமையான பங்கேற்பு என்று சொல்வதை முதலில் நம் வீட்டுக் கூட்ட அறையில் செய்து காட்டலாமே.

பயணச் செலவுக்கு வருவோம். "எல்லோருக்கும் பஸ் டிக்கெட் தருகிறோம்" என்பது பார்வைக்குச் சமமாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு டவுன் பஸ் கிடையாது, கால் டாக்ஸிதான். சில நாள் உதவிக்கு ஒருவரும் கூட வர வேண்டும். வருஷத்துக்கு ஆறு கூட்டம் என்றால் அவர் கைக்காசு எவ்வளவு போகிறது என்று கேட்டுப்பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார். "பரவாயில்லை சார், விடுங்க" என்பார். நம் ஊரில் தொண்டுக்கு வந்த இடத்தில் பில் நீட்டுவது கௌரவக் குறைச்சல். அதனால் கேட்கவே கூடாது. செலவானதை அவர் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். வேண்டாம் என்பவர் திரும்ப நன்கொடையாக வங்கி வழியே அனுப்பட்டும், வரிச்சலுகைக்கான ரசீது கொடுத்துவிடலாம். ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறைக்கு மாறியவருக்கு எப்படித் தந்தாலும் கிடையாது, அது வேறு விஷயம்.

கறாராகச் சொன்னால் பயணச் செலவைப் பாராட்டு என்ற தலைப்பில் எழுதவே கூடாது. அது நாம் அவருக்குப் பட்ட கடன். கடனை அடைக்காமல் சால்வை போர்த்துகிற அமைப்புகள் நிறைய இருப்பதால்தான் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோர் உறுப்பினர்கள்

இவர்களுக்கு வேறு கணக்கு. நம் ஊரில் பல நல்ல அமைப்புகள் பெற்றோரின் வேகத்தில் பிறந்தவை. சென்னையில் 1985-இல் வித்யா சாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தாய். பின்னாளில் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். ஆனால் பெரும்பாலான குழுக்களில் பெற்றோர் உறுப்பினர் என்றால் அமைதியாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாதான். பத்தரைக் கூட்டத்துக்கு அவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்திருப்பார். இருபது வயது மகனைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார். பன்னிரண்டு மணி ஆனதும் போனைப் பார்க்கத் தொடங்குவார். அந்த நேரத்தில்தான் நாம் பட்ஜெட்டை எடுப்போம்.

அவருக்குக் கேடயம் எதற்கு? கூட்டம் நடக்கும் நாளில் அமைப்பின் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போகட்டும், அல்லது பையன் மையத்திலேயே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமே இல்லாத ஒரு முழு நாள் அதே ஏற்பாட்டைச் செய்து கொடுங்கள். அவர் தூங்கலாம், கோவிலுக்குப் போகலாம், தங்கை வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். பராமரிப்பவருக்கு ஓய்வு தேவை என்பதை உணர்ந்துதான் தேசிய அறக்கட்டளை 'சமர்த்' என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. ஒப்பிட்டுப் பார்த்த எல்லாவற்றிலும், கொடுத்த பணத்துக்கு மேல் மதிப்புள்ளது இது ஒன்றுதான் என்பேன்.

எச்சரிக்கை ஒன்று. அவருடைய பிள்ளைக்கு மட்டும் கட்டணச் சலுகை, வரிசையில் முன்னுரிமை என்று இது நழுவிவிடக் கூடாது. மேலே சொன்ன வரிவிலக்குச் சிக்கலும் வரும், மற்ற பெற்றோரின் முகமும் மாறும். இந்த ஓய்வு நாளை எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பொதுத் திட்டமாக வைத்து, குழுவில் உள்ளவர்களையும் அதில் சேர்ப்பதே பாதுகாப்பு.

ஒரு நாள் பயணம்

பட்டியலில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்தது. குழுவினரை வேறோர் அமைப்புக்கு அழைத்துப் போய்க் காட்டுவது. தென் மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தென்காசி பக்கத்து ஆய்க்குடி கைக்கெட்டும் தூரம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-இல் தன் ஊரில் தொடங்கியது அமர் சேவா சங்கம். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த ஆண்டு அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் சங்கரராமன் அவரோடு தோள் சேர்ந்து நிர்வாகத்தைக் கட்டினார். மாற்றுத்திறனாளிகள் நிர்வாகக் குழுவில் "ஒருவராவது இருக்கட்டும்" என்று எண்ணும் உறுப்பினர்கள், அவர்களே நடத்தும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் பேச்சு மாறும்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. வேனில் போகவர ஆறு மணி நேரம் பேசிக்கொண்டே போவதில், ஆண்டு முழுக்கக் கூட்டத்தில் பேசாத விஷயங்கள் வெளிவரும். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே டாக்டரும் வியாபாரியும் சண்டையை முடித்துக்கொள்வார்கள். வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 27,000-இல் பெரும்பகுதி போய்விடும் என்பதுதான் குறை. சக்கர நாற்காலி ஏறும் வண்டி கிடைப்பதும் கஷ்டம். வண்டி கிடைக்கவில்லை என்று அவரை மட்டும் விட்டுவிட்டுப் போவதானால் பயணமே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் சொந்த அமைப்பையே காட்டுங்கள். ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்தில், இரண்டு வயதுக் குழந்தையின் காலை நீட்ட இயன்முறை மருத்துவர் படும் பாட்டை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், "தெரபிஸ்ட் சம்பளத்தை ஏன் ஏற்ற வேண்டும்" என்று அடுத்த கூட்டத்தில் கேட்கமாட்டார். போட்டோ மட்டும் வேண்டாம்.

மற்றவை

குடும்பத்தோடு ஓட்டலில் விருந்து என்றால் ஒருநாள் சந்தோஷம், தப்பில்லை, நன்கொடையாளர் காதுக்குப் போனால் தர்மசங்கடம். உறுப்பினர்களில் ஒருவர் செலவை ஏற்றால் சிக்கலில்லை. "உங்கள் பெயரில் இன்று மதிய உணவு" என்று பலகையில் எழுதுவது, அமைப்பின் பணத்தையே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றும் வேலை. அறைக்குப் பெயர் வைப்பது, கல்வெட்டு பதிப்பது எல்லாம் உயிரோடு இருக்கும் உறுப்பினருக்கு வேண்டாம். நாளைக்கு அவரோடு கருத்து வேறுபாடு வந்தால் கல்லை என்ன செய்வீர்கள்?

விருதுக்குப் பரிந்துரைப்பது கொஞ்சம் கவனிக்க வேண்டியது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்தவர்களுக்குத் தமிழக அரசு சுதந்திர தின விழாவில் விருது தருகிறது, டிசம்பர் 3 அன்று மத்திய அரசின் தேசிய விருதுகளும் உண்டு. இருபது வருஷம் உழைத்த ஒருவர் தனக்காகத் தானே விண்ணப்பம் போடமாட்டார். அலுவலகம் உட்கார்ந்து அவர் செய்ததை ஆதாரத்தோடு தொகுத்து அனுப்பினால், விருது வராவிட்டாலும் அந்தக் கோப்பின் ஒரு நகல் அவருக்குப் பெரிய மரியாதை.

சரி, 27,000-ஐ எப்படிப் பிரிப்பது?

நான் பிரித்தால் இப்படி. பயணமும் உதவியாளர் செலவும் இதுவரை பட்ஜெட்டில் இல்லை என்றால் 14,000 அதற்குப் போகும். அடுத்த ஆண்டு முதல் அது கூட்டச் செலவில் தனித் தலைப்பாக உட்கார வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படும் குழு என்றால் அதற்கும் அங்கேயே இடம் போட வேண்டும். பெற்றோரின் ஓய்வு நாளுக்குப் பராமரிப்பாளர் படியாக 7,000. பயிற்சிக் கூடத்தில் செய்த பொருளுக்கு ஆளுக்கு 300 என்று 2,700. மீதி 3,300-இல் டிசம்பர் 5 அன்று மையத்திலேயே ஊழியர்களும் குழுவினரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு, சமையல் நம் சமையலறையில். அன்றைக்குக் கடிதங்களைப் படித்துக் கொடுக்கலாம். பயணச் செலவு தனித் தலைப்புக்குப் போனபின் மிச்சமாகும் 14,000-ஐ இரண்டு வருஷம் சேர்த்தால் ஆய்க்குடி வேன் வாடகையும் வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் குழுவில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள், எல்லோரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள், செலவு ஒரு பொருட்டில்லை என்றால் பொன்னாடையின் எடை கூடிவிடும். அவர்களுக்கு ஊரறிய ஒரு மரியாதைதான் பிடிக்கும், கொடுங்கள். என்ன பிடிக்கும் என்று அவர்களையே கேட்பதும் ஒரு வழி. ஆனால் கூட்டத்தில் வைத்துக் கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள். தனித்தனியாக, வேறு ஏதோ பேச்சின் நடுவில் கேளுங்கள்.

போகிறவருக்கு

சேரும்போதும் ஆண்டு விழாவிலும் செய்கிற மரியாதை விலகும்போது காணாமல் போய்விடும். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம், 1975-இன்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். நடைமுறையில் மறுபடி, மறுபடி என்று பதினைந்து வருஷம் ஓடிவிடும். உடம்பு முடியாமல் "நான் விலகிக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "உங்க பேரு மட்டும் இருக்கட்டும் சார்" என்போம். அது மரியாதை மாதிரி இருக்கும், உண்மையில் அவர் தலையில் பொறுப்பை விட்டுவைப்பது.

விலகுகிறவருக்குக் கடைசிக் கூட்டத்தில் கடிதத்தைப் படித்துக் கொடுங்கள், பொன்னாடையையும் அன்றைக்குத் தாராளமாகப் போர்த்துங்கள், இதுதான் அதற்குச் சரியான இடம். மறுநாளே பதிவாளர் அலுவலகத்துக்குக் குழு மாற்றத்துக்கான படிவம் 7-ஐத் தயார் செய்யுங்கள். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றுங்கள், எஃப்.சி.ஆர்.ஏ. இணையதளத்திலும் பொறுப்பாளர் பட்டியலைத் திருத்துங்கள். எல்லாவற்றின் ஒப்புகை நகலையும் ஒரு கோப்பில் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அமைப்பின் கணக்குக்கான ஓடிபி இன்னமும் அவர் போனுக்கு வந்துகொண்டிருந்தால் நீங்கள் அவரை இன்னும் விடுவிக்கவில்லை.